இமையைக் காப்பது யார்?

"கண்ணை இமை காப்பது போல" என்பது நம் மொழியில் வழங்கும் உவமைகளுள் மிகப் பழையதும் இனியதுமாகும். தாய் சேயைப் பேணுவதையும் அரசன் குடிகளைப் புரப்பதையும் கூற வந்தோர் இதனையே எடுத்தாண்டனர். தூசி பறந்தால் எவரும் ஏவாமலே மூடிக்கொள்ளும் அவ்விமைக்கே ஒரு துன்பம் நேருமாயின், அதனைக் காப்பவர் யார்? இவ்வினா சென்ற ஆண்டில், மருதமுனையில் ஒரு தறிக் கொட்டிலின் வாயிலில் நின்றபொழுது எமது உள்ளத்தில் எழுந்தது.

கல்முனையிலிருந்து மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் பாண்டிருப்பைக் கடந்தவுடன் வருவது மருதமுனை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் வாழும் இக்கடலோர ஊர், கைத்தறி நெசவினால் இலங்கையெங்கும் பெயர்பெற்றது. மின்தறிப் புடைவைகளின் போட்டியால் தறிகளின் தொகை குறைந்துவிட்ட இந்நாளிலும், மருதமுனைச் சாரத்துக்கும் சேலைக்கும் உள்ள மதிப்புக் குறைந்துவிடவில்லை. எம்மோடு ஆசிரியப் பணி புரியும் நண்பர் ஒருவரின் இல்லம் அங்கே உள்ளது. அவருடைய மனைவியார் தம் வாப்பாவிடமிருந்து பெற்ற இரண்டு தறிகளை நடத்தி வருபவர்.

தறியின் மேல் விழுந்த பழி

நாம் சென்றிருந்த அன்று தறிகள் இரண்டும் ஓசையின்றிக் கிடந்தன. அம்மையார் முக்காட்டை முன்னே இழுத்துவிட்டுக்கொண்டு தேநீர் கொணர்ந்தார். அவருடைய கண்மடல்கள் இரண்டும் சிவந்து தடித்து, செதிலெழுந்து, முதியோரின் இமைபோலச் சுருக்கம் விழுந்திருந்தன. என்ன நேர்ந்தது என்று வினவினோம்.

"சேர், நூலுக்குப் போடுற சாயந்தான் கண்ணுக்குக் கேடு எண்டு எல்லாரும் சொல்றாங்க. ரெண்டு மாசமாத் தறிய நிப்பாட்டி வெச்சிருக்கம். கேக்கிற ஆளுக்கு வித்திருவமா எண்டும் யோசிக்கிறம்."

"ரெண்டு மாசம் நிப்பாட்டியும் சுகம் வரல்லியா, தங்கச்சி?"

"கொஞ்சம் வத்தும் சேர். பிறகு ஒரு நாள் விடியக்குள்ள பார்த்தா முன்னயப் போல வீங்கி நிக்கும்."

நாம் வைத்தியரல்லோம். எனினும், காரணத்தையும் காரியத்தையும் பொருத்திப் பார்ப்பது வகுப்பறையில் எமது அன்றாடத் தொழில். சாயம்தான் காரணமாயின், சாயம் இல்லாத இரண்டு மாதங்களில் இமை மீண்டும் மீண்டும் வீங்குவானேன்? குற்றவாளியைச் சிறையிலிட்ட பின்னரும் களவு நடக்குமாயின், சிறையிலிருப்பவன் கள்வன் அல்லன் என்பதன்றோ பொருள்? ஒரு குடும்பத்தின் வருவாயையும், தந்தை தந்த தொழிலையும் விற்றுவிடுமுன் உண்மையை ஆராய்வது கடமை என்று நண்பரிடம் எடுத்துரைத்தோம். அன்றுமுதல் நூல்களைப் பயின்றும், வைத்திய நண்பர்களைக் கேட்டும், அவ்வில்லத்தில் நிகழ்ந்தவற்றைக் கண்டும் நாம் அறிந்துகொண்டவற்றையே ஈண்டுத் தருகின்றோம்.

மிக மெல்லிய தோல்

நம் நாட்டு வைத்தியர் கரப்பான் என்றும், மேனாட்டு வைத்தியர் எக்சிமா என்றும் கூறும் தோலழற்சி உடம்பில் எங்கும் தோன்றக்கூடியது. அது கண்மடலை நாடி வருவதற்குக் காரணம் உண்டு. உடம்பு முழுவதிலும் மிக மெல்லிய தோல் கண்மடலின் தோலே. அதன் கனம் ஒரு மில்லிமீற்றரிலும் குறைவு. உள்ளங்கையின் தடித்த தோலில் பட்டு யாதொரு தீங்கும் செய்யாத பொருள், அதே கையால் இமையைத் தடவும்பொழுது உள்ளே எளிதிற் புகுந்துவிடுகிறது. நாமோ நாளொன்றுக்குப் பன்முறை, நம்மை அறியாமலே, கண்ணைத் தொடுகின்றோம், கசக்குகின்றோம், வியர்வையைத் துடைக்கின்றோம்.

ஆகவே, கண்மடலிற் கரப்பான் கண்டவுடன் கண்ணுக்கு இட்ட பொருளை மட்டும் ஐயுறுதல் போதாது. கண்ணுக்கு எதுவுமே இடாதவருக்கும் இந்நோய் வரும். கையிலும் தலையிலும் பூசியது, காற்றில் மிதந்து வந்தது ஆகிய யாவும் கடைசியில் வந்து சேருமிடம் இமையே.

காரணங்களை வைத்தியர் வகைப்படுத்துவர். சவர்க்காரம், புகை, தூசி முதலியன தோலை நேரே அரித்து எரிவூட்டுவன. இவை எவருக்கும் தீங்கு செய்யக்கூடும். தீங்கும் விரைவில் வெளிப்படும். மற்றொரு வகை ஒவ்வாமை. இது சிலரை மட்டும் பற்றும். பல ஆண்டுகள் தீங்கின்றிக் கையாண்ட பொருளே ஒருநாள் பகையாக மாறும். அங்ஙனம் மாறிய பின் அப்பகை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீங்காது. இவையன்றி, சிறுவயது முதலே இழுப்பு, தும்மல், தோல்வறட்சி உடைய குடும்பத்தினருக்கும், தலையிற் பொடுகு மிகுந்தோருக்கும் இமையில் அழற்சி உண்டாவதுண்டு. ஒருவரிடத்தில் இவற்றுள் இரண்டு மூன்று கலந்திருப்பதும் அரிதன்று.

ஒவ்வாமையில் நம்மை ஏமாற்றும் செய்தி ஒன்று உளது. பொருள் தோலிற் பட்டவுடன் அது வெளிப்படுவதில்லை. ஒரு நாள், இரண்டு நாள், சிலவேளை மூன்று நாள் கழிந்த பின்னரே தோல் சிவக்கும். வெள்ளிக்கிழமை பட்டது ஞாயிற்றுக்கிழமை வீங்கும். நாமோ ஞாயிற்றுக்கிழமை உண்ட மீனையும் கத்தரிக்காயையும் பழிப்போம்!

அப்பியாசக் கொப்பி கூறிய உண்மை

நண்பரின் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவி, விஞ்ஞானத்தில் ஆர்வமுடையவள். அவளிடம் ஓர் அப்பியாசக் கொப்பியைக் கொடுத்து நான்கு நிரல்கள் வரையச் சொன்னோம். முதலாவதில் திகதி, இரண்டாவதில் அன்று உம்மாவின் கை தொட்டவை, மூன்றாவதில் தலை, முகம், கண் ஆகியவற்றிற் பட்டவை, நான்காவதில் மறுநாட் காலையில் இமையின் நிலை. தேங்காயெண்ணெய், சவர்க்காரம், தைலம், பவுடர், சாம்பிராணி, நுளம்புத்திரி என எதனையும் அற்பமென்று விடாமல் எழுதும்படி கூறினோம். எழுதுமுன் தீர்ப்பளிக்கக் கூடாது என்பதொன்றே நாம் இட்ட கட்டளை.

மூன்று மாதங்கள் அவள் ஒருநாளும் தவறாமல் எழுதினாள். அதற்குள் இமை மும்முறை கடுமையாக வீங்கியது. கொப்பியைப் புரட்டி, ஒவ்வொரு வீக்கத்துக்கும் முந்திய மூன்று நாட்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தோம். மூன்று இடத்திலும் காணப்பட்டதும், வேறு எவ்விடத்திலும் காணப்படாததுமான ஒரு வரி இருந்தது: "வாப்பாவின் தலைக்கும் தாடிக்கும் உம்மா கறுப்புச் சாயம் பூசினா."

நண்பர் திகைத்துப்போனார். சாயம் பூசிக்கொண்டவர் அவர். அவருக்கு ஒரு கொப்புளமும் இல்லை. பூசிவிட்டவரின் கைகளிலும் ஒன்றும் இல்லை. கடைசியிற் கையைக் கழுவி, வியர்த்த முகத்தைப் புறங்கையால் துடைத்ததன்றி அம்மையார் வேறொன்றும் செய்யவில்லை. அதன் விளைவை அனுபவித்தது இமை. தறிச்சாயத்தைப் பழித்துக்கொண்டிருந்த வேளையில், உண்மையான சாயம் குளியலறைத் தட்டில் ஒரு சிறு பெட்டியில் இருந்தது.

அப்பொழுதுதான் அம்மையாருக்கு மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், தங்கையின் திருமணத்துக்கு முதல்நாள், கடையில் வாங்கிய கூம்பிலிருந்து கறுப்பு மருதோன்றியால் கையிற் கோலமிட்டாராம். மூன்றாம் நாள் கோலமிட்ட கோடுகளின் வழியே கொப்புளங்கள் எழுந்தனவாம். "கண்ணூறு" என்று பெரியவர்கள் சொல்ல, அதனை அவரும் மறந்துவிட்டார். அன்று விதைக்கப்பட்ட பகையே இன்று இமையில் விளைந்தது.

கறுப்பு மருதோன்றியும் ஒரு பழைய வழக்கும்

மருதோன்றி இலை நம் கிழக்கு மாகாணத்து இல்லங்களில் மங்கலப்பொருள். அரைத்த இலை தருவது செம்மஞ்சளும் செம்பழுப்பும் கலந்த நிறமே. ஒருபோதும் அது கரிய நிறம் தராது. சுத்தமான இலையால் ஒவ்வாமை உண்டாதலும் மிக அரிது. ஓரிரு மணி நேரத்திற் கருமையாகச் சிவக்கும் என்று விற்கப்படும் "கறுப்பு மருதோன்றி"யிற் பெரும்பாலும் கலக்கப்படுவது பரா-பினைலீன்டயமீன் என்னும் இரசாயனம். பிபிடி என்று சுருக்கமாகக் குறிக்கப்படும் இப்பொருளே தலைமயிர்ச் சாயங்கள் பலவற்றிலும் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம், தலைமயிர்ச் சாயத்தில் இது 2 வீதத்துக்கு மேற்படலாகாது என்று வரையறுப்பதுடன், தோலில் நேரே பூசும் பொருள்களில் இதனை அனுமதிப்பதில்லை. அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிச் சங்கம் 2006ஆம் ஆண்டுக்குரிய ஒவ்வாமைப் பொருளாக இதனைத் தேர்ந்து, வைத்தியரின் கவனத்தை ஈர்த்தது.

இப்பொருளுக்கும் கண்ணிமைக்கும் உள்ள பகை இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1930களின் முற்பகுதியில் அமெரிக்காவில் "லாஷ் லூர்" என்ற பெயருடன் இமைமயிரைக் கறுப்பாக்கும் சாயம் ஒன்று விற்கப்பட்டது. அதில் இருந்ததும் இவ்வகைச் சாயப்பொருளே. அழகை நாடி அதனை இட்டுக்கொண்ட பெண்களுட் பலருடைய இமைகள் புண்ணாயின; சிலர் பார்வையை இழந்தனர்; ஒருவர் உயிரையே இழந்தார். அக்காலத்தில் வழங்கிய 1906ஆம் ஆண்டுச் சட்டம் உணவையும் மருந்தையும் கண்காணித்ததேயன்றி, அழகுசாதனங்களைத் தொடவில்லை. ஆகவே, அதனை விற்பனையிலிருந்து அகற்ற அரசாங்கத்துக்கு வழியில்லாமற் போயிற்று. இத்தகைய துயரங்களும் சேர்ந்து மக்களின் மனத்தைக் கலக்கியதன் பயனாக, 1938ஆம் ஆண்டில் அழகுசாதனங்களையும் அடக்கிய புதிய சட்டம் அங்கே பிறந்தது. ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றுவதற்கு இமையின் துன்பமும் ஒரு காரணமாயிற்று என்பதை எண்ணுந்தோறும் வியப்பே உண்டாகிறது.

ஒட்டுச் சோதனை

கொப்பி காட்டியது ஐயத்தையே, தீர்ப்பு வைத்தியருடையது. அம்மையாரைத் தோல்நோய் நிபுணர் ஒருவரிடம் அழைத்துச் சென்றனர். அவர் ஒட்டுச் சோதனை நடத்த ஏற்பாடு செய்தார். 1895ஆம் ஆண்டில் யோசெப் யாடசோன் என்னும் ஜேர்மானிய வைத்தியர், பாதரச மருந்தால் தோல் அழன்ற நோயாளியிடம் கண்டறிந்த முறை அது. ஐயத்துக்குரிய பொருள்களைத் தக்க அளவிற் கலந்து, சிறு கிண்ணங்களில் இட்டு, முதுகின் மேற்புறத்தில் ஒட்டிவிடுவர். இரண்டு நாட்களின் பின் அகற்றிப் பார்ப்பர். நான்காம் நாளளவில் மீண்டும் பார்ப்பர். எவ்விடம் சிவந்து தடித்துள்ளதோ அவ்விடத்துப் பொருளே பகைவன். அந்நாட்களில் முதுகை நனைக்கலாகாது. வியர்க்க வேலை செய்யலாகாது. இரத்தப் பரிசோதனையால் இவ்வகை ஒவ்வாமையை அறிய இயலாது என்பதையும் வாசகர் நினைவிற் கொள்க.

நான்காம் நாள் இரண்டு இடங்கள் சிவந்திருந்தன. ஒன்று, எதிர்பார்த்தவாறே பிபிடி. மற்றொன்று எவரும் எதிர்பாராதது: நியோமைசின் என்னும் கிருமிகொல்லி. வைத்தியரைக் கேளாமல் வாங்கி, ஆறு மாதமாக இமையிற் பூசி வந்த களிம்பில் இருந்தது அது. தலைச்சாயம் மாதத்துக்கு ஒருமுறை மூட்டிய நெருப்பை, இடைநாட்களில் அணையவொட்டாமல் ஊதிக்கொண்டிருந்தது மருந்து! புடைவைச் சாயங்களுக்குரிய இடங்களோ யாதொரு மாற்றமுமின்றி இருந்தன. தறி குற்றமற்றது என்று தீர்ப்பாயிற்று.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து, பின்னரே தணிக்கும் வழியை நாடுமாறு வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்தினார். காரணத்தை நாடாமற் களிம்பை நாடுவதனால் வரும் கேட்டுக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

வீட்டிலுள்ள ஏனைய பகைவர்கள்

எல்லோருக்கும் பகைப்பொருள் ஒன்றேயன்று. ஆதலால், எங்கெங்கே தேடவேண்டும் என்பதை அறிந்துகொள்ளல் நன்று.

கைவழி வருவன: கியூட்டெக்ஸ் என்று நம்மவர் பொதுப்பெயராகவே வழங்கும் நகப்பூச்சு இவற்றுள் முதன்மையானது. நகத்தில் அது ஒன்றும் செய்யாது. இமையைத் தொட்டவுடன் தன் குணத்தைக் காட்டும். ஒட்டவைக்கும் செயற்கை நகங்களின் பசையும் அத்தகையதே. வெங்காயம், பூண்டு, மிளகாய் அரிந்த கையும், சலவைத்தூள் பட்ட கையும் கழுவப்படாமற் கண்ணை அணுகலாகாது. தங்க மோதிரத்தாலும் சிலருக்கு இமையழற்சி உண்டாகிறது. முகப்பவுடரில் உள்ள கடிய துகள்கள் தங்கத்தை நுண்ணியதாகத் தேய்த்து முகத்திற் சேர்ப்பதே அதற்குக் காரணம் என்பர்.

தலைவழி வருவன: தலைச்சாயம், ஷாம்பூ, வாசனை எண்ணெய் என்பன. முழுகும்பொழுது வழியும் நீர் முதலில் இறங்குமிடம் இமை. ஷாம்பூவிலும் ஈரத்துடைப்புத் தாள்களிலும் பழுதடையாதிருக்கச் சேர்க்கப்படும் மெதில் ஐசோதயசோலினோன் என்னும் பொருளால் பலர் துன்புற்றமையால், பூசியபடியே விடும் அழகுசாதனங்களில் அதனைச் சேர்த்தல் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடுக்கப்பட்டுள்ளது.

காற்றுவழி வருவன: சாம்பிராணி, ஊதுபத்தி, நுளம்புத்திரி ஆகியவற்றின் புகை; வாசனைத் தெளிப்பு; மரத்தூள் என்பன. பார்த்தீனியம் என்னும் களையின் தூளும் இத்தகையதே. 1950களில் இந்தியாவிற் பரவத் தொடங்கி, அங்கே எண்ணற்ற உழவர்களின் முகத்தையும் இமையையும் புண்ணாக்கிய அக்களை, இன்று நம் நாட்டில் வவுனியா, யாழ்ப்பாணப் பகுதிகளிலும் வேரூன்றியுள்ளது.

நேரே இடுவன: மை, இமைச்சாயம், இமை வளைக்கும் நிக்கல் பூச்சுக் கருவி, கண்சொட்டு மருந்திற் சேரும் காப்புப்பொருள் ஆகியவை. எமது இந்து இல்லங்களும் இதற்கு விலக்கல்ல. செயற்கைச் சாயமூட்டிய குங்குமமும், ஒட்டுப்பொட்டின் பசையும் நெற்றியில் அழற்சி செய்வதை வைத்தியர் நன்கறிவர். வியர்வையோடு அவை இமைக்கு இறங்கவும் கூடும். சுறுமாவைப் பற்றியும் ஒரு சொல். கடைகளில் அப்பெயரால் விற்கப்படுவனவற்றுட் பலவற்றில் ஈயம் மிகுதியாக இருத்தல் பல நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு செய்வது. ஆதலின் குழந்தைகளின் கண்ணில் அதனை இடாமை நலம்.

செய்யத்தக்கன

இமை சிவந்து அரிக்குமாயின் முதலிற் செய்யத்தக்கது, சேர்ப்பதன்று; நீக்குவது. முகத்திலும் கண்ணிலும் இடும் வாசனைப் பொருள்கள் யாவற்றையும் சில வாரங்கள் நிறுத்துக. வெறும் நீரால் முகத்தைக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றுக, தேய்க்கற்க. குளிர்ந்த நீரில் நனைத்த துணியை இமைமேல் வைத்தல் அரிப்பைத் தணிக்கும். வாசனை கலவாத வெள்ளை வசிலீன் மெல்லிதாகப் பூசினால் வறட்சி தணியும். இமை ஆறிய பின், நிறுத்திய பொருள்களை ஒரே நாளில் மீளச் சேர்க்காமல், ஒன்றன்பின் ஒன்றாகப் பல நாள் இடைவெளி விட்டுச் சேர்க்க. புதிய முகக்களிம்பாயின், முழங்கையின் உட்பக்கத்தில் நாள்தோறும் இருமுறை ஒரு வாரம் பூசிப் பார்த்த பின்னரே முகத்துக்குக் கொள்க. தலைச்சாயத்தையும் சவர்க்காரத்தையும் இம்முறையிற் சோதித்தல் ஆகாது.

தோல்நோய்க்கென மருந்துக்கடைகளில் வாங்கும் ஸ்டீரோயிட் களிம்புகளைப் பற்றி அழுத்திக் கூறவேண்டியுள்ளது. அவை இரண்டே நாளில் இமையை வெளுக்கச் செய்யும். அதனாலேயே மக்கள் மயங்குவர். வீரியம் மிக்க அக்களிம்பை இமையில் நெடுநாட் பூசினால், இமைத்தோல் மேலும் மெலிவதோடு, கண்புரையும், குளுக்கோமா என்னும் கண்ணமுக்க நோயும் உண்டாகக்கூடும். குளுக்கோமாவால் இழந்த பார்வை மீளாது. எனவே, எக்களிம்பை, எத்தனை நாள் பூசுவது என்பதை வைத்தியரே விதித்தல் வேண்டும். கண்ணில் வலி, பார்வை மங்கல், சீழ், காய்ச்சல் என்பன காணின் காத்திராது வைத்தியசாலைக்குச் செல்க. இமையோடு உதடும் வீங்கி மூச்சுத் திணறுமாயின் ஒரு கணமும் தாமதித்தலாகாது.

மீண்டும் எழுந்த ஓசை

சென்ற மாதம் மருதமுனைக்குச் சென்றோம். படலையை அணுகுமுன்னரே தறியின் ஓசை எம்மை வரவேற்றது. அம்மையாரின் இமைகள் தெளிந்திருந்தன. நூலுக்குச் சாயமிடும்பொழுது கையுறை அணிகிறார். சாயத்தூளை வெளியே, காற்றுக்குப் புறங்காட்டி நின்று கரைக்கிறார். குற்றமற்றதாயினும் தூளும் காரமும் இமைக்கு நண்பரல்லவே! நியோமைசின் ஒவ்வாது என்றெழுதிய துண்டொன்றை வைத்தியரிடம் காட்டுவதற்காகப் பையில் வைத்திருக்கிறார்.

எமது நண்பரின் தலை பஞ்சுபோல் வெளுத்திருந்தது. தாடி மட்டும், வளவில் நிற்கும் மருதோன்றி இலையின் உபயத்தால், செந்நிறமாகப் பொலிந்தது. பத்து வயது கூடிவிட்டதே என்று நகைத்தோம். "தறி நிற்கிறதிலும் தலை நரைக்கிறது நல்லம்" என்றார் அவர். உள்ளே அவர் மகள் அடுத்த பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த அப்பியாசக் கொப்பி அவளது மேசையிற் பத்திரமாக இருந்தது.

கண்ணை இமை காக்கிறது. இமையைக் காக்கவேண்டியது நமது கை. அது எதனைத் தொட்டது என்பதை ஒரு கணம் எண்ணிய பின்னரே கண்ணிடம் செல்லுமாயின், துன்பத்திற் பாதி வாராமலே நின்றுவிடும்.